கன்டெய்னர் மெமரியைத் தின்கிறது: உங்கள் அனுபவம் என்ன?

எடைமேடை எழுதியது:

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் லோரி எடைபோடும் சிஸ்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ஆபீஸில் 8 ஜிபி மெமரியோடு ஒரே மெஷின். அதில் எடை மென்பொருள், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், ரிப்போர்ட் எடுக்கும் ஜாவா புரோகிராம் மூன்றும் டாக்கரில், அதாவது ஒவ்வொன்றும் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டியில், ஓடுகின்றன. நான் பொறுப்பெடுத்தபோதே ஒரு புகார் இருந்தது. மாசக் கடைசியில் சாயங்காலம் ரிப்போர்ட் தட்டினால் ஜாவா செத்துவிடும். செத்தது உடனே தானாக எழுந்து, எழும் வேகத்தில் சிபியுவை உறிஞ்சி, எடைத் திரையையும் உறைய வைத்துவிடும். வெளியே லோரிகள் வரிசை கட்டி ஹார்ன் அடிக்கும். கிராணி (ஆபீஸ் குமாஸ்தா) கார்பன் தாள் வைத்த பழைய புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்துக் கையால் டிக்கெட் எழுதுவார். வெட்டிய குலை காத்திருக்கக் காத்திருக்க எண்ணெயில் அமிலம் ஏறும் என்பதால் மேனேஜருக்கும் பொறுமை இருக்காது.

சிஸ்டத்தை விற்றவர்கள் சொன்ன ஒரே வைத்தியம், ரேம் கூட்டுங்கள் என்பது. டாக்கர் இன்ஸ்பெக்ட் போட்டு, செத்த கன்டெய்னரின் விவரத்தைப் பார்த்தேன். எக்ஸிட் கோட் 137. சிக்னலால் செத்தால் சிக்னல் எண்ணோடு 128 கூட்டிக் காட்டும். 128ஐக் கழித்தால் 9, அதாவது சிக்னல் 9: மெமரி லிமிட்டைத் தாண்டியதால் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலே கொன்றிருக்கிறது. கன்டெய்னருக்குக் கொடுத்த மெமரி லிமிட் 1 ஜிபி. உள்ளே இருந்ததோ ஜாவா 8, 191ஆம் அப்டேட்டுக்கு முந்தையது. அந்த ஜாவா கன்டெய்னர் லிமிட்டைத் தானாகப் பார்க்காது. மெஷினின் 8 ஜிபியைப் பார்த்து, அதில் கால் பங்கு, 2 ஜிபி வரை ஹீப் (புரோகிராம் தன் டேட்டாவை வைக்கும் மெமரி) வளரலாம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளும். மற்ற நாளில் சின்ன ரிப்போர்ட், அதனால் யாருக்கும் தெரியவில்லை.

புது ஜாவாவுக்கு மாற்றியதும் இன்னொரு கூத்து. இப்போது லிமிட் தெரிகிறது, ஆனால் 1 ஜிபியில் கால் பங்கு என்றால் 256 எம்பிதான். ரிப்போர்ட்டுக்கு அது பற்றாது. ஹீப்புக்கு எத்தனை விழுக்காடு என்று சொல்லும் மேக்ஸ்ராம்பெர்சென்டேஜை 70 ஆக்கினேன். 100 வைக்கக் கூடாது. திரெட், கிளாஸ் விவரம் வைக்கும் மெட்டாஸ்பேஸ் எல்லாம் ஹீப்புக்கு வெளியேதான் இடம் பிடிக்கும். ரேம் வாங்கவில்லை.

நீங்கள் பார்த்ததையும் எழுதுங்கள்.

தாமான்வாசி எழுதியது:

அண்ணே, உங்களுக்கு மெமரி, எனக்கு சிபியு. வீடு இங்கே, வேலை கேஎல் கம்பெனிக்கு. கோ மொழியில் எழுதிய எங்கள் சர்வீஸ் ஒன்று, பல மெஷினில் கன்டெய்னர்களை ஓட்டும் குபர்னெட்டிஸில், சில ரிக்வெஸ்டுக்கு மட்டும் காரணமே இல்லாமல் இழுத்துக்கொண்டு நின்றது. கிராஃபில் சிபியு சராசரி 20 விழுக்காட்டைத் தாண்டவில்லை. எல்லாரும் டேட்டாபேஸைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

விஷயம் என்னவென்றால், லிமிட் அரை சிபியு என்று போட்டால் கெர்னல் அதை 100 மில்லிசெகண்டுக்கு 50 மில்லிசெகண்ட் என்றுதான் எடுத்துக்கொள்ளும். அது ஓடும் மெஷினில் (நோடு) 8 கோர். பழைய கோ அந்த எட்டையும் பார்த்து எட்டுத் திரெட்டில் ஒரே நேரத்தில் ஓடும். எட்டும் சேர்ந்தால் 50 மில்லிசெகண்ட் சம்பளம் ஆறே மில்லிசெகண்டில் காலி. மீதி நேரம் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். சராசரியில் இது தெரியவே தெரியாது. கெர்னல் லிமிட்டைக் கவனிக்கும் சிக்ரூப் கோப்புறையில் சிபியு.ஸ்டாட் என்ற ஃபைலைத் திறந்து, எத்தனை தடவை நிறுத்தி வைத்தது என்று சொல்லும் என்ஆர்_திராட்டில்ட் எண் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். எங்களுக்கு அது ஓடிக்கொண்டே இருந்தது.

ஒரே நேரத்தில் எத்தனை திரெட் ஓடலாம் என்று சொல்லும் கோமேக்ஸ்பிராக்ஸை 1 என்று வைத்ததும் அடங்கியது. கோ 1.25இல் இருந்து லிமிட்டை அதுவே பார்த்துக்கொள்கிறது. சிபியு லிமிட்டையே எடுத்துவிட்டு சிபியு ரிக்வெஸ்ட் (குறைந்தது இவ்வளவு வேண்டும் என்ற ஒதுக்கீடு) மட்டும் வைப்பதுதான் நல்லது என்பது என் கட்சி. எங்கள் டீமில் பாதிப் பேர் ஒத்துக்கொள்வதில்லை. மெமரி லிமிட்டை மட்டும் யாரும் எடுக்காதீர்கள், ஒருவன் பெருத்தால் பக்கத்து வீட்டுக்காரனும் சாவான்.

பால்மரம் எழுதியது:

நான் இருப்பது இன்னும் உள்ளே, தோட்டத்து லயம் பக்கம். இன்டர்நெட் லைன் மழைக்கே படுத்துவிடும். அதனால் என் சண்டை எல்லாம் இமேஜ் (கன்டெய்னர் கிளம்பும் மூலப் பொட்டலம்) சைஸோடு. கடைக் கணக்குக்காக ஒருவர் எழுதிய பைத்தான் இமேஜ் 1 ஜிபிக்கு மேல். ஒரு வரி திருத்தினாலும் பெரும்பகுதி திரும்ப இறங்கும், ஏனென்றால் சோர்ஸ் கோடை முதலில் காப்பி பண்ணிவிட்டு அப்புறம் லைப்ரரி போட்டிருந்தார். வரிசையை மாற்றி லைப்ரரிப் பட்டியலான ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைலை முன்னால் வைத்தாலே லைப்ரரி லேயர் (அடுக்கு) கேஷில் நிற்கும், திரும்ப இறங்காது. அப்புறம் வேண்டாததைக் கழித்த ஸ்லிம் இமேஜ், கம்பைலரை முதல் ஸ்டேஜிலேயே விட்டுவிடும் மல்டிஸ்டேஜ் பில்ட். மல்டிஸ்டேஜ் 2017இலேயே டாக்கருக்கு வந்துவிட்டது, இன்னும் பலர் தொடவில்லை. ஆல்பைன் என்ற குட்டி லினக்ஸ் இன்னும் சின்னதுதான், ஆனால் அதில் வழக்கமான சி லைப்ரரியான ஜிலிப்சி கிடையாது, அதன் இடத்தில் மசல். சில பைத்தான் லைப்ரரியை அங்கேயே கம்பைல் பண்ண வேண்டி வரும். எனக்கு ஸ்லிம்மே போதும்.

இமேஜ் குறைந்தால் மெமரி குறையும் என்று நினைக்காதீர்கள். அது வேறு, இது வேறு.

டிஸ்க் நிறைகிறது என்று சொன்னால் முதலில் லாகைப் பாருங்கள். டாக்கர் வழக்கமாக எழுதும் ஜேசன் லாகுக்கு எல்லை கிடையாது, மேக்ஸ்சைஸ் நாம்தான் போட வேண்டும்.

புதுசு எழுதியது:

அண்ணன்மார்களே, லிமிட் எவ்வளவு போடுவது என்று எப்படி முடிவு பண்ணுகிறீர்கள்? இணையத்தில் கிடைக்கும் யாமல் (செட்டிங் ஃபைல்) எல்லாவற்றிலும் மெமரி 512 எம்பி என்றே இருக்கிறது.

எடைமேடை எழுதியது:

தம்பி, அந்த 512ஐ எழுதியவர் உன் புரோகிராமைப் பார்த்ததே இல்லை. டாக்கர் ஸ்டாட்ஸ் காட்டும் மெமரி எண்ணை ஒரு மாசம் முழுக்க ஃபைலில் எழுதி வை. சம்பளக் கணக்கு, மாசக் கடைசி ரிப்போர்ட் இரண்டும் அதில் வந்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆலை ஓய்ந்திருக்கும்போது அளந்தால் பொய்க்கணக்குதான் கிடைக்கும். உச்சத்தை எடுத்து, அதற்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு லிமிட் போடு. போஸ்ட்கிரெஸ் வைத்திருந்தால் ஷேர்ட் மெமரியையும் (புரோசஸ்கள் பகிர்ந்துகொள்ளும் இடம்) பார்த்துக்கொள். டாக்கர் கொடுப்பது 64 எம்பிதான், பெரிய குவெரி ஓடினால் இடம் இல்லை என்று எர்ரர் அடிக்கும். ஷ்எம்-சைஸ் என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது, 256 எம்பி வைத்துப் பார். எந்த மொழியில் எழுதியது உன்னுடையது?