புதிதாக வந்தவர்களுக்கு: ஒரு சனி, ஞாயிறு புரூஜில் சும்மா இருந்துவிட்டு வாருங்கள்

ஐரோப்பாவுக்கு வந்து, வீடு கிடைத்து, வங்கிக் கணக்கு திறந்து, முதல் சம்பளமும் விழுந்ததும் நம்மவர்கள் போடும் திட்டம் ஒன்று உண்டு. வெள்ளி இரவு பஸ், சனிக்கிழமை பாரிஸ், ஞாயிறு காலை பிரஸ்ஸல்ஸ், மாலை ஆம்ஸ்டர்டாம், திங்கள் காலை நேராக ஆபீஸ். போய் வரலாம்தான். ஆனால் புது ஊர், புது வேலை, புது பாஷை என்று ஏற்கெனவே அலைந்து களைத்த உடம்புக்கு அது இன்னொரு வேலை. ஓய்வுதான் வேண்டும் என்றால் என் ஓட்டு பெல்ஜியத்தின் புரூஜுக்கு. ஒரே ஊர், ஓர் இரவு தங்கல், அவ்வளவுதான்.

இரவு தங்குவதுதான் இதில் முக்கியம். புரூஜுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் காலையில் வந்து மாலையில் திரும்பிவிடுகிறவர்கள். நண்பகல் நேரத்தில் மார்க்ட் சதுக்கத்திலும் ரோசன்ஹூட்காய் என்ற கால்வாய் முனையிலும் கால் வைக்க இடம் இருக்காது. எல்லாரும் ஒரே போட்டோவை எடுத்துக்கொண்டிருப்பார்கள். டூர் பஸ்கள் கிளம்பியதும் ஊர் காலியாகிவிடும். அதே ரோசன்ஹூட்காயில் இரவு எட்டு மணிக்கு நிம்மதியாக உட்காரலாம். காலையில் கடை திறப்பதற்கு முன் ஒரு சுற்று நடந்தால் எதிரே வருவது நாயோடு நடக்கும் உள்ளூர்க்காரர்கள்தான்.

ஊர் இவ்வளவு பழசாகவே நிற்பதற்குக் காரணம், ஒரு காலத்தில் அதனிடம் பணம் இல்லாமல் போனதுதான். ஸ்வின் என்ற கடல் கால்வாய் வழியாக இங்கிலாந்துக் கம்பளியும் இத்தாலிய வியாபாரிகளும் வந்து குவிந்த துறைமுகம் இது. 1500 வாக்கில் அந்தக் கால்வாய் மண் மேவித் தூர்ந்துபோக, வியாபாரம் ஆண்ட்வெர்ப்புக்கு நகர்ந்துவிட்டது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட யாரிடமும் காசு இல்லை, எனவே பழைய வீடுகள் பிழைத்தன. 2000-ல் யுனெஸ்கோ நகர மையம் முழுவதையும் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் கண்ணில் படுவதெல்லாம் இடைக்காலத்தது என்று நம்பிவிட வேண்டாம். எல்லாரும் நின்று படம் எடுக்கும் பொனிஃபாசியஸ் பாலம் இருபதாம் நூற்றாண்டில் கட்டியது!

சரி, போவது எப்படி? பிரஸ்ஸல்ஸிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். ஜெர்மனி, நெதர்லாந்திலிருந்து வருகிறவர்கள் எல்லை தாண்டும் ரயிலுக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுங்கள், தாமதித்தால் விலை ஏறும். பெல்ஜியத்துக்குள் ஓடும் ரயிலுக்கு அந்தக் கவலை இல்லை. சீட் ரிசர்வேஷனும் கிடையாது. வெயில் அடிக்கும் சனிக்கிழமையில் மட்டும் கொஞ்சம் சீக்கிரம் கிளம்புங்கள். ஆஸ்டெண்ட் கடற்கரைக்குப் போகும் கூட்டமும் அதே ரயிலில்தான் ஏறும். ஸ்டேஷனிலிருந்து மையத்துக்கு இருபது நிமிட நடை. மின்னவாட்டர் ஏரி, 1245-ல் தொடங்கிய பெகெய்ன்ஹாஃப் வழியாக நடந்தால் அதுவே பாதி சுற்றுலா. பெகெய்ன்ஹாஃப் என்பது, துறவறம் பூணாமல் பக்தியோடு சேர்ந்து வாழ்ந்த பெண்களின் குடியிருப்பு. பின்னாளில் அங்கே கன்னியாஸ்திரிகள் குடியேறினார்கள். உள்ளே சத்தம் போடக்கூடாது, பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

தெருவெல்லாம் கருங்கல் பாவியது. சின்னச் சக்கரம் வைத்த குழந்தை வண்டியும் சூட்கேஸும் படாத பாடு படும். கைக்குழந்தை இருந்தால் தூளி போலக் கட்டிக்கொள்ளும் பை உத்தமம். பழைய வீடுகளில் நடக்கும் விடுதிகளில் மாடிப்படி செங்குத்தாக இருக்கும். ஊரிலிருந்து வந்த அம்மா அப்பாவைக் கூட்டிப்போவதாக இருந்தால் லிஃப்ட் உண்டா என்று கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள்.

மார்க்ட் சதுக்கத்து மணிக்கூண்டில் மொத்தம் 366 படி. முதலில் அகலமாகத்தான் இருக்கும். போகப் போகச் சுழல்படி ஒடுங்கி, கடைசியில் இறங்குகிறவர் சுவரோடு ஒட்டிக்கொண்டால்தான் ஏறுகிறவர் போக முடியும். நடுவில் மணிகளை இயக்கும் பெரிய உலோக உருளையைப் பார்க்கலாம். அதன் உடம்பு முழுக்க முளைகள். உருளை சுழலும்போது அவை கம்பிகளை இழுக்க, மேலே மணி அடிக்கும். 47 மணிகள். முட்டி வலி உள்ளவர்கள் இதை விட்டுவிடலாம், கீழே சதுக்கத்தில் இருந்தே காது குளிரக் கேட்கும். அதற்குப் பதில் மாதா கோயிலுக்குப் போய் மைக்கலாஞ்சலோவின் பளிங்கு மாதாவும் குழந்தையும் பாருங்கள். 1794-ல் பிரெஞ்சுக்காரர்களும் 1944-ல் நாஜிகளும் தூக்கிக்கொண்டு போய், இரண்டு தடவையும் திரும்பி வந்த சிலை. படகு அரை மணி நேரச் சவாரி. பாலங்களின் அடியில் போவது நன்றாக இருக்கும், வரிசை நீளமாக இருந்தால் காத்திருக்கத் தேவையில்லை. குளிர்காலத்தில் பெரும்பாலும் ஓடாது.

ஞாயிற்றுக்கிழமைக்கு என் சிபாரிசு சைக்கிள். டாம் என்ற சின்ன ஊர் வரை, இருபுறமும் உயர்ந்த மரங்கள் நிற்கும் கால்வாய்க் கரையோரம் ஆறேழு கிலோமீட்டர், மேடே இல்லை. அது வேண்டாம் என்றால் கிழக்கே காற்றாலைகள் நிற்கும் மேட்டுப் புல்வெளி இருக்கிறது. அங்கே கூட்டமும் கம்மி.

அப்புறம், சாப்பாடு. சைவர்கள் கவனிக்க: பெல்ஜியத்தில் உருளைக்கிழங்கு வறுவலைப் பல கடைகளில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். பார்த்தால் தெரியாது. வெஜிடபிள் ஆயிலா என்று ஆங்கிலத்திலேயே கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வாஃபிளில் முட்டை உண்டு, சில சாக்லேட்டுக்குள் மது இருக்கும், பிள்ளைகளுக்கு வாங்கும்போது பார்த்து வாங்குங்கள். உணவகத்தில் தண்ணீருக்கும் காசு, பொதுக் கழிப்பறைக்கும் காசு. சில்லறை கையில் இருக்கட்டும். வீட்டிலிருந்து புளியோதரை கட்டிக்கொண்டு போய் மின்னவாட்டர் பூங்கா பெஞ்சில் சாப்பிடுவதில் எந்த வெட்கமும் இல்லை.

கடைசியாகக் காகிதங்கள். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்கள் ஒரிஜினல் பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அட்டையும் கையிலேயே வைத்திருங்கள், போனில் உள்ள போட்டோ போதாது. ஷெங்கன் நாடுகளுக்குள் எல்லைச் சோதனை இல்லை என்று பெயர், ஆனால் ரயிலில் போலீஸ் ஏறிக் கேட்பதுண்டு. அட்டை இன்னும் வரவில்லை, விண்ணப்ப ரசீது மட்டும்தான் இருக்கிறது, விசாவும் முடிந்துவிட்டது என்றால் இந்தப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். பிரிட்டனில் இருப்பவர்களுக்கு அங்கத்திய விசா இங்கே செல்லாது, ஷெங்கன் விசா தனியாக எடுக்க வேண்டும். அதற்கு நேர்காணல் தேதி கிடைக்கவே நாளாகும், அதைப் பார்த்துவிட்டு விடுதியைப் பதிவு செய்யுங்கள்.