பயிற்சியாளர் போன பிறகு, அவருக்காக வாங்கிய வீரர்: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

நீலச்சட்டை எழுதியது:

கால்பந்து வீரர் ஓபமேயாங்கின் கதை இங்கு எல்லோருக்கும் தெரியும் என்பதால் முன்னுரையைத் தவிர்க்கிறேன். 2022 கோடையில் டிரான்ஸ்ஃபர் விண்டோ (கிளப்புகள் வீரர்களை வாங்கி விற்கும் காலம்) மூடும் நாளில் செல்சி அவரைப் பார்சிலோனாவிலிருந்து வாங்கியபோது, வீட்டில் அதை எதிர்த்தவன் என் தம்பி, ஆதரித்தவன் நான். ஆர்சனலில் கேப்டன் பட்டையைப் பறிகொடுத்துவிட்டு வெளியேறியவர், வயதோ 33, இவரை வாங்கி என்ன செய்யப்போகிறார்கள் என்று அவன் கேட்டான். இப்போது செல்சியில் இருக்கும் பயிற்சியாளர் டூஹெலிடம் முன்பு டோர்ட்முண்டில் ஆடியபோது 2016-17 சீசனில் மட்டும் இவர் பண்டெஸ்லிகாவில் 31 கோல்கள் அடித்திருக்கிறார், அந்தப் பயிற்சியாளர் இருக்கும்வரை இவருக்கு வயது ஒரு பொருட்டே இல்லை என்று அரைமணி நேரம் வாதாடி அவன் வாயை அடைத்தேன்.

"இருக்கும்வரை" என்ற சொல்லை நானேதான் சொன்னேன் என்பது இப்போதும் உறுத்துகிறது.

செப்டம்பர் 6 அன்று டைனமோ ஜாக்ரெப் அணிக்கு எதிராக அவர் முதன்முறையாக நீலச்சட்டை அணிந்தார். வீட்டில் புகுந்த கொள்ளையர்கள் தாக்கியதில் தாடை உடைந்திருந்ததால், முகத்தில் பாதுகாப்பு முகமூடி போட்டுக்கொண்டு ஆடினார். அது டூஹெலுக்குச் செல்சியில் நூறாவது ஆட்டம். 13ஆவது நிமிடத்தில் ஜாக்ரெபின் ஓர்ஷிச் அடித்த கோல்தான் ஆட்டத்தின் ஒரே கோல். தொலைக்காட்சியில் நான் பந்தைப் பார்க்கவில்லை. முகமூடிக்காரர் ஓடி ஓடிக் கை நீட்டுவதையும், பந்து வேறு பக்கம் போவதையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் டூஹெலை நீக்கிவிட்டார்கள். தம்பியிடமிருந்து ஒற்றை வரிச் செய்தி வந்தது: "அண்ணா, முகமூடிக்காரரை இனி யார் பார்த்துக்கொள்வார்?"

அந்த சீசனில் அவர் அடித்தது மொத்தம் மூன்று கோல்கள். பிப்ரவரியில் சாம்பியன்ஸ் லீக் வீரர் பட்டியலிலிருந்தும் அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். வீரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆறு நாளில் அனுப்பிவிடப்போகிற பயிற்சியாளருக்காக ஒருவரை வாங்கியது ஏன் என்பதே என் கேள்வி. உங்களுக்கும் இப்படி ஒன்று நடந்திருந்தால் எழுதுங்கள்.

கோட்டோரம் எழுதியது:

நண்பரே, உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் கணக்கு பாதிதான் போட்டிருக்கிறீர்கள். 2020 கோடையில் 20 கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்து வெர்னர், ஹாவெர்ட்ஸ், சியெக், சில்வெல், மெண்டி என்று உங்கள் கிளப் அடுக்கியதே, அவர்கள் எல்லோரும் அப்போதைய பயிற்சியாளர் லாம்பார்டின் அணிக்காக வந்தவர்கள். 2021 ஜனவரி 25 அன்று லாம்பார்டை அனுப்பினார்கள், மறுநாளே டூஹெல் வந்தார். அதே ஆண்டு மே 29 அன்று போர்டோவில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் 42ஆவது நிமிடத்தில் கோலடித்து சாம்பியன்ஸ் லீக் கோப்பையைப் பெற்றுத் தந்தவர் யார்? ஹாவெர்ட்ஸ். லாம்பார்டுக்கு வாங்கியவர் டூஹெலுக்குக் கோப்பை வாங்கித் தந்தார். டூஹெலுக்கு வாங்கியவர் அவருக்கு அடுத்து வந்த பாட்டருக்குப் பயன்படவில்லை. முதலாவதைக் கொண்டாடிவிட்டு இரண்டாவதற்கு மட்டும் கிளப்பைக் கேள்வி கேட்பது நியாயமா?

என் சொந்த அனுபவம் என்று சொல்ல ஒன்றுமில்லை. நான் எந்தக் கிளப்பின் ரசிகனும் இல்லாததால் நிம்மதியாக உறங்குகிறவன்.

சிவப்பு மாடம் எழுதியது:

நிம்மதியாக உறங்குகிறவர்கள் இந்தத் திரிக்கு ஏன் வருகிறார்கள் என்று தெரியவில்லை. இருக்கட்டும்.

2014 பிப்ரவரி 9, ஓல்ட் டிராஃபோர்டு, எதிரே லீக் பட்டியலின் அடியில் கிடந்த ஃபுல்ஹம். எங்கள் பயிற்சியாளர் ஃபெர்குசன் ஓய்வுபெற்று ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அன்று ஏன் எண்ணத் தொடங்கினேன் என்று எனக்கே தெரியாது; கையில் ஒரு பென்சிலும் பழைய உறையும் இருந்தன, மான்செஸ்டர் யுனைடெட் ஒவ்வொரு முறை ஓரத்திலிருந்து பந்தைத் தூக்கிப் போடும்போதும் ஒரு கோடு கிழித்தேன். நான்கு கோடு, குறுக்கே ஒன்று, ஐந்து. இடைவேளைக்குள் உறையின் ஒரு பக்கம் பாதி நிறைந்துவிட்டது. 78ஆவது நிமிடத்தில் வான் பெர்சியும் இரண்டு நிமிடம் கழித்து கேரிக்கும் அடித்து 2-1 என்று முன்னிலை பெற்றபோது, இனி எண்ணத் தேவையில்லை என்று பென்சிலைக் கீழே வைத்தேன். கூடுதல் நேரத்தில் டேரன் பென்ட் தலையால் முட்டிச் சமன் செய்தார். எண்பதைத் தாண்டிய கிராஸ்கள் என்று மறுநாள் எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. என் உறையில் அதைவிடச் சில குறைவு. நடுவில் ஒருமுறை தண்ணீர் குடிக்க எழுந்துபோனேன்.

அந்தக் கோடுகளைப் பார்க்கும்போதெல்லாம் 2013 கோடைதான் நினைவுக்கு வருகிறது. தியாகோ வருவார் என்றார்கள், அவர் பயர்ன் மியூனிக் போனார். ஃபாப்ரெகாஸ் வருவார் என்றார்கள், பார்சிலோனா விடவில்லை. கடைசி நாளில் ஹெரேராவும் கைநழுவி, மிஞ்சியவர் ஃபெலைனி மட்டும். ஜூலை முடியும்வரை 2.35 கோடி பவுண்டு விடுவிப்புத் தொகைக்குக் கிடைத்திருக்கக்கூடியவரை, செப்டம்பர் 2 அன்று 2.75 கோடி கொடுத்து வாங்கினார்கள். புதிய பயிற்சியாளர் மோயஸ், புதிய நிர்வாகி, இருவருக்கும் அது முதல் கோடை. பேரம் பேசத் தெரிந்த பழைய நிர்வாகி டேவிட் கில்லும் ஃபெர்குசனோடு சேர்ந்து பதவியை விட்டுப் போயிருந்தார். பயிற்சியாளர் மாறும்போது மேலே பேரம் பேசுகிறவரையும் சேர்த்து மாற்றக்கூடாது என்பதை அந்த ஒரு கோடையில் கற்றேன்.

ஆறு ஆண்டு ஒப்பந்தத்தோடு வந்த மோயஸ் பத்தே மாதத்தில் போய்விட்டார். எவர்டனிலிருந்து அவரோடு வந்த ஃபெலைனியோ, நாங்கள் எல்லோரும் கேலி செய்த அதே ஃபெலைனி, வான் கால், மொரீன்யோ காலத்தையும் தாண்டி 2019 தொடக்கம்வரை இருந்தார். திரியைத் தொடங்கியவர் கேட்ட கேள்விக்கு இதை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று தெரியவில்லை.

வெள்ளைச் சேவல் எழுதியது:

நீங்கள் எல்லோரும் தோற்ற பயிற்சியாளர்களைப் பற்றி எழுதுகிறீர்கள். ஜெயித்தவரை இழந்த கதை ஒன்று சொல்கிறேன்.

2025 மே 21, பில்பாவ். பிரென்னன் ஜான்சனின் ஒரே கோலில் யுனைடெட்டை வென்று டாட்டன்ஹம் யூரோப்பா லீக்கைக் கைப்பற்றிய இரவு. 2008க்குப் பிறகு எங்களுக்குக் கிடைத்த முதல் கோப்பை. இரண்டாவது சீசனில் எப்போதும் ஏதாவது வெல்வேன் என்று பயிற்சியாளர் போஸ்டகொக்லு செப்டம்பரில் சொன்னபோது சிரித்தவர்களில் நானும் ஒருவன். வான் டெ வென் கோல் கோட்டுக்கு முன்னால் காற்றில் கிடந்தபடி பந்தை வெளியே உதைத்தாரே, அந்த நொடியில் என் மகள் என் தோளைப் பிடித்த பிடி மறுநாளும் வலித்தது. பதினாறே நாளில், ஜூன் 6 அன்று, போஸ்டகொக்லுவை நீக்கிவிட்டார்கள். லீக்கில் 22 தோல்விகள், 17ஆவது இடம். காரணம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் "கோப்பை வாங்கியவரை ஏன் அனுப்புகிறார்கள்?" என்று மகள் கேட்டபோது, லீக் பட்டியலைக் காட்டி விளக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

டிரான்ஸ்ஃபர் பற்றிக் கேட்டீர்கள் என்பதால் இதையும் சேர்க்கிறேன். புதிய பயிற்சியாளருக்காக அந்தக் கோடையில் கிப்ஸ்-வைட்டைத் தேடினோம், அவர் நாட்டிங்ஹம் ஃபாரஸ்டிலேயே புதிய ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். எஸே ஏறக்குறைய எங்களுடையவர் என்று மகளிடம் சொல்லிவிட்டேன், ஆர்சனல் குறுக்கே புகுந்து அள்ளிக்கொண்டு போனது. நவம்பரில் அதே எஸே எங்களுக்கு எதிராக மூன்று கோல்கள் அடித்தார். வாங்கப்போகும் வீரரின் பெயரை வீட்டில் குழந்தைகளிடம் சொல்லாதீர்கள். என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்.

ஆன்ஃபீல்டு வாசி எழுதியது:

என் கதை சிறியது. 2024 ஆகஸ்டில் சுபிமெண்டி லிவர்பூலுக்கு வரமாட்டேன், ரியல் சோசியதாத்திலேயே இருக்கிறேன் என்று சொன்ன அன்று, நாட்குறிப்பில் வரைந்து வைத்திருந்த அணி வரிசையில் நடுக்களத்தில் அவர் பெயரை அடித்துவிட்டு, அருகே "முடிந்தது" என்று எழுதினேன். பயிற்சியாளர் க்ளாப் போய்விட்டார், அவர் இடத்துக்கு வந்த ஆர்னே ஸ்லாட்டுக்குக் கிடைத்த ஒரே புதிய வீரர் ஒரு கோடி பவுண்டுக்குக் கியெசா. அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். க்ளாப் காலத்தில் வாங்கி, பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கிராவன்பெர்க்கை ஸ்லாட் அந்த இடத்தில் நிறுத்தினார். அவர் ஏறக்குறைய எல்லா லீக் ஆட்டங்களிலும் ஆடி, சீசனின் சிறந்த இளம் வீரர் என்ற விருதையும் பெற்றார். 2025 ஏப்ரல் 27 அன்று டாட்டன்ஹமை 5-1 என்று வென்று இருபதாவது முறையாக லீக் பட்டத்தை உறுதிசெய்த இரவில், நாட்குறிப்பில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். (வெள்ளைச் சேவல் மன்னிக்க வேண்டும், எதிரணி உங்களுடையதாக அமைந்தது தற்செயல்.)

இதிலிருந்து மற்ற ரசிகர்களுக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். முதலாவதாக, ஒரு வீரரின் பெயர் அடிபட்டவுடன், அவரைப் பயிற்சியாளர் கேட்டாரா, கிளப்பின் விளையாட்டு இயக்குநர் கேட்டாரா என்று பாருங்கள். பயிற்சியாளர் மட்டும் கேட்ட வீரர் என்றால், பயிற்சியாளருக்கு எத்தனை ஆண்டு ஒப்பந்தம் மிச்சமிருக்கிறது என்று பாருங்கள். வீரருக்கு ஐந்தாண்டு, பயிற்சியாளருக்கு ஓராண்டு என்றால் அங்கேயே பெருமூச்சு விட்டுவிடலாம். 2017இல் க்ளாப் முதலில் விரும்பியது யூலியன் பிராண்டை, சாலாவை வாங்கும்படி வற்புறுத்தியது வீரர்த் தேர்வுக் குழு என்று பலமுறை வெளிவந்திருக்கிறது. அதை ஏற்றுக்கொண்டதுதான் க்ளாப்பின் பெருமை. அடுத்ததாக, புதிய பயிற்சியாளர் வந்தவுடன் புதிய வீரர்களை எதிர்பார்ப்பதைவிட, பெஞ்சில் இருப்பவர்களில் யார் அவருக்குப் பொருந்துவார் என்று தேடுங்கள். பந்தை வாங்கித் திரும்புகிறவர் யார், முதுகைக் காட்டிக்கொண்டே நிற்கிறவர் யார் என்று தயாரிப்பு ஆட்டங்களைக் கவனித்தாலே தெரிந்துவிடும். இன்னொன்று, நம்மை வேண்டாம் என்றவரை ஏசாதீர்கள். சுபிமெண்டி ஓராண்டு கழித்து ஆர்சனலுக்குப் போனார் என்பதற்காக அவருடைய முந்தைய முடிவு பொய்யாகிவிடாது. இதையெல்லாம் கடைப்பிடித்தால் ஆகஸ்டு மாதத்தில் இரத்த அழுத்தம் ஏறாது.

பீரங்கிக் குண்டு எழுதியது:

ஆன்ஃபீல்டு வாசி அவர்களே, பொறுமையைப் பற்றிப் பாடம் எடுத்த கிளப் அடுத்த கோடையிலேயே விர்ட்ஸுக்கு 10 கோடி பவுண்டும், விண்டோ மூடும் நாளில் ஈசாக்குக்கு 12.5 கோடியும் கொடுத்ததைக் குறிப்பிட மறந்துவிட்டீர்கள். யாரும் கேட்காத அறிவுரை உங்கள் கதையைவிட நீளமாக இருக்கிறது.

எங்கள் ஆர்சனலின் பெப்பேயை யாரும் சொல்லவில்லை என்பதால் நான் சொல்கிறேன். 2019இல் பயிற்சியாளர் எமரி விரும்பியது ஜாஹாவை. அதை அவரே பின்னர் ஒரு நேர்காணலில் சொன்னார். கிளப் 7.2 கோடி பவுண்டு கொடுத்துப் பெப்பேயை வாங்கியது. நவம்பரில் எமரியை நீக்கினார்கள். கேட்டவருக்குக் கேட்டது கிடைக்கவில்லை, கிடைத்தவரை வைத்து ஆட அவரும் இல்லை. நீலச்சட்டை அவர்களே, உங்கள் ஓபமேயாங்கையாவது அவரை அறிந்த பயிற்சியாளருக்காக வாங்கினார்கள்.

என்னை உறுத்துவது வேறு. 2020 டிசம்பரில் எவர்டனிடம் தோற்று 15ஆவது இடத்துக்கு இறங்கிய இரவில், பயிற்சியாளர் ஆர்டெட்டாவை உடனே நீக்கவேண்டும் என்று நான் பேசி அனுப்பிய குரல்பதிவு நான்கு நிமிடம் ஓடும். ஒரு வாரத்தில் ஸ்மித் ரோவை நடுவில் இறக்கி, செல்சியை 3-1 என்று வென்றார். சாகா அடித்த மூன்றாவது கோல் கோல்காப்பாளர் தலைக்கு மேலே வளைந்து உள்ளே விழுந்தபோது நண்பர்கள் அந்தக் குரல்பதிவை எனக்கே திருப்பி அனுப்பினார்கள். 2023 முதல் 2025 வரை வரிசையாக மூன்று முறை இரண்டாமிடம் வந்தபோதும் அனுப்பினார்கள். அப்போதெல்லாம் நான் சொன்னது சரிதானோ என்று ஒரு கணம் நினைத்ததையும் மறைக்க விரும்பவில்லை.

நீலச்சட்டை எழுதியது:

கோட்டோரம் எழுதியதைத் தம்பியும் படித்துவிட்டான். போர்டோ இரவில் ஹாவெர்ட்ஸ் கோல்காப்பாளரைத் தாண்டிப் பந்தைத் தள்ளியபோது நாங்கள் இருவரும் கட்டிலின் மேல் ஏறி நின்று கத்தினோம். டூஹெலின் பெயரைக் கத்தினோம், மௌண்டின் பெயரைக் கத்தினோம், கான்டேயின் பெயரைப் பலமுறை கத்தினோம். லாம்பார்டின் பெயரைச் சொன்னோமா என்று இன்று அவனிடம் கேட்டேன். அவன் சற்று யோசித்துவிட்டு, இல்லை என்றான்.