டச் திரை: இன்வெர்ட்டட்-எக்ஸ் கொடுத்தும் பக்கம் மாறவில்லை, உதவி தேவை

பொறிவண்டு:
கொஞ்சம் அவசரம். எங்கள் போர்டின் டச் டிரைவரை மெயின்லைனுக்கு, அதாவது லினக்ஸின் அதிகாரப்பூர்வக் கர்னல் மூலத்துக்கு, அனுப்பியிருந்தேன். அச்சைத் திருப்ப நானே வைத்த ப்ராப்பர்ட்டி வேண்டாம், பொதுவான ப்ராப்பர்ட்டிகளைப் படிக்கும் கர்னல் ஃபங்ஷன் டச்ஸ்கிரீன்_பார்ஸ்_ப்ராப்பர்ட்டீஸைப் பயன்படுத்து என்று ரிவ்யூவில் திருப்பிவிட்டார்கள். மாற்றினேன். டிவைஸ் ட்ரீயில் (போர்டின் ஹார்டுவேரைக் கர்னலுக்குச் சொல்லும் விவரம்) எக்ஸ் அச்சைத் திருப்பும் டச்ஸ்கிரீன்-இன்வெர்ட்டட்-எக்ஸ் கொடுத்தும் இடது ஓரத்தைத் தொட்டால் வலது ஓரம்தான் அழுந்துகிறது. ஏன்?

நள்ளிரவு_கர்னல்:
எந்தக் கர்னல்? என்ன சிப்? டிமெசேஜ் (கர்னல் பதிவு) எங்கே?

ஓரக்கோடு:
புது டிடிபி (டிவைஸ் ட்ரீயைத் தொகுத்த கோப்பு) ஏறியே இருக்காது, பந்தயம். ப்ராக் அடியில் டிவைஸ்-ட்ரீயைத் திறந்து பாருங்கள்.

பொறிவண்டு:
பார்த்தேன், இருக்கிறது. கர்னல் 6.6.

மூத்தகுடி:
அந்தப் பார்ஸ் ஃபங்ஷன் இருக்கும் கோப்பே சின்னது. படித்துவிட்டு வந்திருந்தால் இந்த இழையே வேண்டியதில்லை. அச்சின் எல்லையை அமைக்கும் இன்புட்_செட்_ஏபிஎஸ்_பாரம்ஸுக்கு முன்னாலேயே பார்ஸைக் கூப்பிட்டிருப்பீர்கள்.

பொறிவண்டு:
இல்லை சார், பின்னால்தான். எச்சரிக்கையும் வரவில்லை.

சில்லறை_பிட்:
இதற்குப் போய் கர்னலைத் தொடுவானேன்? கர்னலுக்கு வெளியே, யுடெவ் ரூலில் (சாதனங்களுக்கான விதிக் கோப்பு), அச்சைத் திருப்பும் லிப்இன்புட் காலிபரேஷன் மேட்ரிக்ஸ் போட்டால் முடிந்தது.

நள்ளிரவு_கர்னல்:
கண்ணாடியை எப்படித் திருப்பி ஒட்டியிருக்கிறது என்பது ஹார்டுவேர் சமாசாரம். டிவைஸ் ட்ரீயில்தான் இருக்க வேண்டும்.

சில்லறை_பிட்:
எக்ஸ்86 (இன்டெல் வகை) டேப்லெட்டில் ஏது டிவைஸ் ட்ரீ?

நள்ளிரவு_கர்னல்:
அங்கும் இதே ப்ராப்பர்ட்டிகள்தான். சிலீட் டச் சிப் உள்ள டேப்லெட்டுகளுக்கு, கர்னலின் டச்ஸ்கிரீன்_டிஎம்ஐ கோப்பு மாடலைப் பார்த்து இவற்றைச் செருகிவிடும். டிரைவரில் டிவைஸ் ட்ரீயை மட்டும் படிக்கும் ஓஎஃப்_ வகை ஃபங்ஷன்களை விட்டு டிவைஸ்_ப்ராப்பர்ட்டி_ வகையைக் கேட்பதும் இதனால்தான். டிவைஸ் ட்ரீயோ ஏசிபிஐயோ (எக்ஸ்86-இல் ஹார்டுவேரைச் சொல்லும் அட்டவணை), இரண்டையும் படிக்கும்.

திரைக்குப்பின்:
சண்டை அப்புறம். இன்டரப்ட் வந்ததும் எக்ஸ், ஒய்யை எதை வைத்து அனுப்புகிறீர்கள்? அந்த வரியை மட்டும் போடுங்கள்.

பொறிவண்டு:
இன்புட்_ரிப்போர்ட்_ஏபிஎஸ், எக்ஸுக்கு ஒன்று ஒய்க்கு ஒன்று. அதைத் தொடவே இல்லை.

திரைக்குப்பின்:
கோளாறு அங்கேதான். இன்வெர்ட்டைப் பொறுத்தவரை பார்ஸ் அதைப் படித்து ஸ்ட்ரக்டில் குறித்துவைப்பதோடு சரி. எண்ணைத் திருப்பி அனுப்புவது டச்ஸ்கிரீன்_ரிப்போர்ட்_பாஸ். அந்த இரண்டு வரியையும் எடுத்துவிட்டு இதைக் கூப்பிடுங்கள். ஸ்வாப்டு-எக்ஸ்-ஒய்யும் போடுவதாக இருந்தால் ஒன்று: முதலில் இன்வெர்ட், பிறகுதான் ஸ்வாப். எனவே சிப் தரும் அச்சைப் பார்த்து இன்வெர்ட் கொடுங்கள், திரையில் தெரிவதைப் பார்த்து அல்ல.

பொறிவண்டு:
சரியாகிவிட்டது அண்ணா, நன்றி. வி2 (திருத்திய பேட்ச்) அனுப்பிவிட்டேன்.

மூத்தகுடி:
பழைய ப்ராப்பர்ட்டியை பைண்டிங் யாமலிலிருந்தும் (ப்ராப்பர்ட்டிகளை விவரிக்கும் ஆவணக் கோப்பு) எடுத்தீர்களா? இல்லையென்றால் வி3 தயார் செய்யுங்கள்.

சில்லறை_பிட்:
மேட்ரிக்ஸ் என்றால் ஒரே வரி.