வீடு அவர் பெயரில், பாதி இஎம்ஐ என் சம்பளத்தில். பிரியும்போது எனக்கு என்ன கிடைக்கும்?

மேடவாக்கம்வாசி:
கல்யாணமாகி பதினோரு வருடம். பரஸ்பர சம்மதத்தில் பிரிவது என்று இருவரும் பேசி முடித்துவிட்டோம், இழுபறியெல்லாம் வீட்டில்தான். 2016-ல் வாங்கிய ஃபிளாட், பத்திரம் அவர் பெயரில் மட்டும், லோனில் நானும் கையெழுத்து. முன்பணத்துக்கு அம்மா போட்ட நகையில் 22 பவுனை விற்றோம். அப்புறம் மாதாமாதம் இஎம்ஐயில் பாதியை என் சம்பளக் கணக்கிலிருந்து அவருக்கு அனுப்பி வருகிறேன். இப்போது "பத்திரத்தில் உன் பேரே இல்லையே" என்கிறார். ஆஸ்திரேலியாவில் இருக்கும் தோழியோ கோர்ட்டே பார்த்துப் பிரித்துக் கொடுக்கும் என்கிறாள். இங்கேயும் அப்படியா?

பாரிமுனை:
இல்லைங்க மேடம். அங்கே சொத்தைப் பிரிக்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது, இங்கே அப்படி இல்லை. இந்துத் திருமணச் சட்டம் 27-வது பிரிவு, திருமணத்தை ஒட்டி இருவருக்கும் பொதுவாகக் கொடுத்த பொருள்களோடு நின்றுவிடும். ஆனால் பெயர் இல்லை என்பதால் உரிமையே இல்லை என்றாகாது. நகை உங்கள் ஸ்ரீதனம், கணவர் கையில் கொடுத்தாலும் அது உங்களுடையதுதான் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது. கணவர் பெயரில் வாங்க மனைவி தன் வருமானத்தில் பணம் போட்டால், கணக்கு காட்ட முடிகிற வரை, பணம் ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது என்று சொத்து வாங்குவதைத் தடுக்கும் பினாமிச் சட்டமும் குறுக்கே வராது. வழக்கு என்று வந்தால் குடும்ப நல நீதிமன்றத்திலேயே சொத்துக்கும் சேர்த்துக் கேட்கலாம். வங்கி ஸ்டேட்மெண்ட்டும் நகை விற்ற ரசீதும்தான் முக்கியம், உடனே தேடுங்கள்.

அனுபவப்பட்டவள்:
தோழி, லோனை மறந்துவிடாதீர்கள். நான் அதில்தான் மாட்டினேன். விவாகரத்து ஆகி ஒன்றரை வருடம் கழித்து அவர் தவணை கட்டாமல் விட்டதும் வங்கியிலிருந்து எனக்குப் போன், என் சிபில் ஸ்கோரும் விழுந்தது. நீங்கள் பிரிந்தது வங்கிக்கு ஒரு பொருட்டே இல்லை, கையெழுத்துப் போட்டவரைத்தான் கேட்கும். அவர் தன் சம்பளத்தில் மட்டும் லோனை மாற்றிக்கொண்டு உங்களை விடுவிக்க வேண்டும், எத்தனை நாளுக்குள் என்பதோடு உங்கள் பணம் எவ்வளவு, என்றைக்குத் தருவார் என்பதையும் விவாகரத்துக்கு இருவரும் சேர்ந்து போடும் கூட்டு மனுவிலேயே எழுதச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சை நம்பி அவசரமாகக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், தயவுசெய்து.

வேளச்சேரி அண்ணா:
2023-ல் சென்னை உயர் நீதிமன்றம், வெளிநாட்டில் கணவர் சம்பாதித்து வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு என்று தீர்ப்பு சொல்லியிருக்கிறதே? வேலைக்கே போகாதவருக்கு அப்படியென்றால் இஎம்ஐ கட்டிய தங்கைக்குக் கிடைக்காதா?

பாரிமுனை:
நல்ல தீர்ப்புதான் அண்ணா, வீட்டுவேலையையும் பங்களிப்பாக மதித்தார்கள். ஆனால் அது விவாகரத்து வழக்கில்லை. அதைக் காட்டி வாதாடலாம், எல்லாருக்கும் தானாகவே பாதி வந்துவிடாது.

மேடவாக்கம்வாசி:
எல்லாருக்கும் நன்றி. நகை விற்ற ரசீது அம்மா வீட்டு பீரோவில் இருந்தது, தேதி பத்திரப்பதிவுக்கு ஒன்பது நாள் முன்பு. திங்கட்கிழமை வக்கீலைப் பார்க்கிறேன், லோன் விஷயம் முடிவாகிற வரை மனுவில் கையெழுத்துப் போடப்போவதில்லை என்று அவரிடமும் சொல்லிவிட்டேன்.