அப்பாயி தொடங்கிய தீபாவளி மறுநாள் சாப்பாடு தோட்டத்து விழாவாகிவிட்டது: இனி யார் பொறுப்பில் நடத்துவது?

கேள்வி – டிக்கோயாப் பேத்தி

இலங்கை மலையகத்தில் டிக்கோயாவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் குடும்பம் நான்கு தலைமுறையாக இருந்து வருகிறது. இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்புவதற்கான 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி அப்பாயியின் அண்ணன்மார் இருவரும் பிள்ளைகுட்டிகளோடு, இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்கு இரயிலேறிப் போன பிறகு, இங்கே எஞ்சிய உடன்பிறப்புகளாவது வருடத்துக்கு ஒரு நாள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று அப்பாயி பிடிவாதமாக நின்றார். தீபாவளியன்று அவரவர் வீட்டில் படையல் இருக்கும் என்பதால் மறுநாளைத் தேர்ந்தெடுத்தார்கள். அரிசிக்கும் மாவுக்கும் கடுந்தட்டுப்பாடு நிலவிய 1973, 1974 காலத்தில் எந்த வீட்டிலும் முழுச் சமையலுக்கு வேண்டிய பொருள் இருந்ததில்லை. ஒருவர் ஒரு சுண்டு அரிசி, ஒருவர் மரவள்ளிக்கிழங்கு, இன்னொருவர் ஒரு கட்டுக் கீரை என்று இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) கொண்டுவந்து வைக்க, அப்பாயி அதைக் கொண்டே சமைத்தார். அதைப் பார்த்த வரிசை வீடுகளான லயத்தில் பக்கத்துக் காம்பராக்காரர்களும் தங்களிடம் இருந்ததை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

அப்படி வளர்ந்து வளர்ந்து, இப்போது தோட்டத்தில் எங்கள் பிரிவான டிவிசன் முழுவதும் வருகிறது. கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் பிள்ளைகள் இந்தச் சாப்பாட்டை முடித்துக்கொண்டுதான் திரும்பிப் போகிறார்கள். முந்நூறு பேருக்குக் குறையாமல் கூடுகிறார்கள். சில வருடங்களாகக் கொழும்பில் வியாபாரம் செய்யும் என் மாமாவே ஆடு, அரிசி, ஒலிபெருக்கி, பந்தல் என்று எல்லாச் செலவையும் ஏற்று வந்தார். இந்த வருடம் தம்மால் இயலாது என்று சொல்லிவிட்டார். இளைஞர்கள் ஒரு சங்கம் அமைத்துத் தலைவர், செயலாளர் போடலாம் என்கிறார்கள். ஒரு தொழிற்சங்கப் பிரமுகர் முழுச் செலவையும் தருவதாகவும், தம் படத்துடன் ஒரு பதாகை கட்டினால் போதும் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார். பெரியப்பாவோ, இதையெல்லாம் நிறுத்திவிட்டுக் குடும்பத்தோடு மட்டும் நடத்துவோம் என்கிறார்.

அவர் கோபத்திலும் நியாயம் உண்டு. கப்பலேறிய அண்ணன்மாருக்காக அப்பாயி இரண்டு இலை போட்டுப் படைப்பது வழக்கம். அவர் காலமான பின்னும் நாங்கள் அதை விடவில்லை. போன தீபாவளிக்கு அந்த இலைகளைப் போட இடமில்லாமல், ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்குப் பின்னால் வயர்களை ஒதுக்கிவிட்டுத்தான் படைத்தோம். இதை யார் பொறுப்பில், எப்படி நடத்துவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

பதில் – பண்டாரவளை, ஓய்வுபெற்ற ஆசிரியர்

மகள், உங்கள் அப்பாயி நடத்தியது விருந்து அன்று. அவர் யாரையும் அழைத்து உபசரிக்கவில்லை. வந்தவர்கள் எல்லோரும் கையில் ஏதாவது கொண்டுதான் வந்தார்கள். உங்கள் மாமா நல்ல மனத்தோடு செலவை ஏற்றதில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்த வருடத்திலிருந்து டிவிசன்காரர்கள் விருந்தாளிகளாகவும், உங்கள் குடும்பம் கொடுத்துத் தீர வேண்டிய வீடாகவும் ஆகிவிட்டதைக் கவனியுங்கள். மாமாவின் இடத்தில் தொழிற்சங்கப் பிரமுகரை வைத்தாலும் அந்த நிலை மாறாது. உபசரிப்பவர் முகந்தான் மாறும்.

நம் தோட்டங்களில் காமன் கூத்து எப்படி நடக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். மாசியில் கம்பம் ஊன்றியது முதல் காமன் எரியும் இரவு வரை ஊரே அதில் ஈடுபடுகிறது. ரதி, மன்மதன் வேடம் கட்டுகிறவர்கள் விரதம் இருக்கிறார்கள், தப்படிப்பவர் பொறுப்பு ஒருவருக்கு, பாடுகிறவர் பொறுப்பு இன்னொருவருக்கு. எங்கள் பக்கத்தில் சில வேடங்கள் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு உரிமையாகவே வருகின்றன. தலைவர், செயலாளர் இல்லாமலே அது நடந்து வந்திருக்கிறது என்றால், ஒவ்வொரு வீட்டுக்கும் அதில் விட்டுக்கொடுக்க மனமில்லாத ஒரு வேலை இருப்பதே காரணம். உங்கள் சாப்பாட்டிலும் பதவிகளை அல்ல, வேலைகளைப் பங்கிடுங்கள். படையலைக் காலையிலேயே வீட்டுக்குள், குடும்பத்தார் மட்டும் இருக்க முடித்துவிட்டு, அதன் பிறகு பொதுச் சாப்பாட்டுக்கு வெளியே வாருங்கள். பெரியப்பாவின் மனமும் ஆறும்.

பதில் – தலவாக்கலை

ஆசிரியர் ஐயா சொல்வதன் அடிப்படையை ஏற்கிறேன். ஆனால் நாற்பது பேருக்குச் சரிவந்த முறை முந்நூறு பேருக்கு அப்படியே சரிவராது. வீட்டுக்கு வீடு சமைத்துக் கொண்டுவந்தால் ஒரு கறி கெட்டிருந்தாலும் பழி உங்கள் குடும்பத்தின் மீதுதான் விழும். எங்கள் தோட்டத்துத் திருவிழாவில் அன்னதானச் சமையலைப் பார்த்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பொருளைப் பலரும் தரட்டும், சமையல் ஓரிடத்தில் நடக்கட்டும். முந்நூறு பேருக்கு 35 கிலோ அரிசி, 8 கிலோ பருப்பு என்று கணக்கிடலாம். இறைச்சிதான் செலவை ஏற்றுகிறது. ஆட்டை விட்டுக் கோழிக்கு மாறினாலே பாதிச் சுமை குறையும். அன்று வெள்ளிக்கிழமையாகவோ விரத நாளாகவோ வந்தால் சைவச் சமையலோடு நிறுத்திக்கொள்ளலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

காசு வசூலிக்காதீர்கள். தோட்டம் தரும் தீபாவளி முற்பணம் கையில் இருக்கும்போது கேட்டால் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அது கடன், பிறகு மாதாமாதம் சம்பளத்தில் கழிக்கப்படுவது. புதுத்துணி வாங்கி, பலகாரத்துக்குக் கொடுத்து, மறுநாள் சாப்பாட்டுக்கும் கொடுத்த வீட்டில் அடுத்த மாதம் அடுப்பெரிவது கஷ்டம். அதற்குப் பதிலாக ஆவணியிலிருந்தே பிடியரிசி சேருங்கள். ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனி டின்னில் போட்டு வைத்தால், தீபாவளி நெருங்கும்போது அரிசிச் செலவு தானே அடங்கிவிடும். விறகுக்குக் கவ்வாத்து மலையில் மிலாறு (வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சிகள்) பொறுக்கி, மழை பிடிக்கும் முன் காயவைத்து அடுக்கச் சொல்லி ஒரு லயத்தைப் பொறுப்பாக்குங்கள். ஐப்பசி மழையில் திறந்த வெளிப் பந்தலை நம்ப வேண்டாம்; பிள்ளைக் காம்பராவை (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தை) கேட்டுப் பாருங்கள், கிடைக்காவிட்டால் கெட்டியான தறப்பாளாக (தார்ப்பாயாக) கட்டுங்கள்.

பதில் – கோத்தகிரி

நான் கடலுக்கு இந்தப் பக்கம் இருப்பவன். என் தாத்தா அதே ஒப்பந்தத்தில் மஸ்கெலியாவிலிருந்து வந்தவர். தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டு வனத்துறை 1968இல் நீலகிரியில் தொடங்கி, 1976இல் தனிக் கழகமான ‘டான்டீ’ தேயிலைத் தோட்டத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. எங்கள் வீட்டிலும் பொங்கலுக்கு உறவினர் கூடுவதில் தொடங்கி, குடியிருப்பு முழுவதும் கூடும் நாளாக அது வளர்ந்தது. பிறகு ஒரு வருடம் ஒரு கட்சி செலவை ஏற்றது. அடுத்த வருடம் எதிர்க்கட்சிக்காரர்கள் வர மறுத்துத் தனியாகப் பானை வைத்தார்கள். இன்று ஒரே குடியிருப்பில் இரண்டு பொங்கல் நடக்கிறது, இரண்டிலும் பாதிப் பேர்தான். பதாகைக்கு இடம் கொடுக்க வேண்டாம் என்பதை இதைவிட அழுத்தமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் உண்மையாகவே உதவ விரும்பினால் மற்ற வீடுகளைப் போல ஒரு மூட்டை அரிசி அனுப்பட்டும், பெயர் மற்றவர்களோடு ஒரே பட்டியலில் வரட்டும்.

நீங்கள் படைக்கும் இரண்டு இலைகளுக்கு உரியவர்களின் பிள்ளைகள் கூடலூரிலோ பந்தலூரிலோ இருக்கக்கூடும். ஊர்ப் பெயரும் தாத்தாமார் வேலை செய்த தோட்டத்தின் பெயரும் தெரிந்தால் இங்கே விசாரிப்பது பெரிய காரியம் அல்ல. பொதுவில் எழுத வேண்டாம், தனிச் செய்தியில் அனுப்புங்கள்.

மீண்டும் – டிக்கோயாப் பேத்தி

எல்லோருக்கும் நன்றி. பெரியப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். படையல் காலையில் வீட்டோடு என்பதற்கு உடனே சம்மதித்தார். பிடியரிசி யோசனையை அம்மா ஏற்கெனவே பக்கத்து வீடுகளில் சொல்லத் தொடங்கிவிட்டார். மாமாவும் கொஞ்சம் பணம் தருவதாக இப்போது சொல்கிறார். ஆனால் அதைச் சாப்பாட்டுக்கு வாங்கினால் பழைய கதையே திரும்பும் என்று பயமாக இருக்கிறது. வாங்காவிட்டால் அவர் மனம் நோகும்.

பதில் – தலவாக்கலை

இரண்டு பெரிய அண்டாவும் கரண்டிகளும் வாங்கித் தரச் சொல்லுங்கள், தங்கை. இப்போது வாடகைக்கு எடுப்பதானால் ஹட்டனிலிருந்து ஏற்றி இறக்கும் கூலியே தனி. கோயில் அறையில் பூட்டி வைத்தால் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் டிவிசனில் எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம். சாவியை மட்டும் உங்கள் குடும்பம் வைத்திருக்க வேண்டாம்.