கோலா உருண்டையில் ஓட்ஸ் சேர்ப்பது எப்படி? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 64 வயது. ஞாயிற்றுக்கிழமை கறி இல்லாமல் சோறு இறங்காது, காயைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுவார். ஆறு மாதமாக மலச்சிக்கல், ரத்தத்தில் கொழுப்பும் கூடியிருக்கிறது. பெரியவர்களுக்கு நாளுக்கு 25 கிராம் நார்ச்சத்தாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கறியில் அது துளியும் கிடையாது. சரி, கறிக்குள்ளேயே சேர்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

போன வாரம் அரைக் கிலோ கொத்துக்கறியில் பொட்டுக்கடலை மாவுக்குப் பதில் ஓட்ஸ் பொடி போட்டுக் கோலா உருண்டை பிடித்தேன். ஓட்ஸில் உள்ள கரையும் நார்ச்சத்து பித்த அமிலத்தைப் பிடித்து வெளியேற்றும். அதை ஈடுகட்டப் புதிதாகப் பித்த அமிலம் தயாரிக்கக் கல்லீரல் ரத்தத்திலிருக்கும் கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ளும். ஆனால் பொடி ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொண்டது. எண்ணெயில் போட்டதும் உருண்டை வெடித்து, உள்ளே வறட்டு மாவாக நின்றது. அப்பா ஒன்றைப் பிட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ரசம் ஊற்றிக்கொண்டார். மனசு கேட்கவில்லை.

தால்சா மட்டும் எடுபட்டது. கடலைப்பருப்பும் கத்தரிக்காயும் கறியோடு குழைந்திருந்ததால் மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அரைக் கிலோ கறிக்கு ஓட்ஸ் எவ்வளவு போடலாம்? முதலிலேயே ஊறவைக்க வேண்டுமா? கொத்துக்கறியோடு வாழைப்பூ சேர்த்து அரைத்தவர்கள் உண்டா? அப்புறம், நார்ச்சத்து கூடினால் தண்ணீரும் கூடவேண்டும், இவரோ தண்ணீரே குடிக்கமாட்டார். உங்கள் வீட்டுப் பெரியவர்களை எப்படிக் குடிக்கவைக்கிறீர்கள்?