பிரெஞ்சு தெரிந்தவர்கள் ஒரு மாலை உதவ முடியுமா?

வணக்கம். சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு மொட்டைமாடியில் மாதம் ஒரு படம் பார்க்கிறோம். அடுத்தது ரெனே லாலூவின் பிரெஞ்சு அனிமேஷன் படம், 'லா பிளானெட் சோவாஜ்' (1973). 72 நிமிடம்தான்.

முதல் காட்சியிலேயே கைக்குழந்தையோடு ஒரு பெண் ஓடுகிறாள். ஒரு பெரிய நீலக் கை வந்து மறிக்கிறது, சுண்டிவிடுகிறது, தூக்கிக் கீழே போடுகிறது. அவள் செத்துப்போகிறாள். கை யாருடையது? விளையாடிக்கொண்டிருந்த ராட்சசக் குழந்தைகளுடையது. சின்ன வயதில் கட்டெறும்பை நானும் அப்படித்தான் மறித்திருக்கிறேன். அன்று இரவு தூக்கமே வரவில்லை.

மாடிக்கு வருபவர்களில் பாதிப் பேர் தறிக்காரர்கள். ஆங்கில வசனம் ஓடுகிற வேகத்துக்குப் படிக்க முடியாது. அதனால் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரே இடத்தில்தான் சிக்கல். படத்தில் மனிதர்களின் பெயர் 'ஓம்'. மனிதனைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் ஒலியே அதுதான். அப்படியே எழுதினால் இங்கே மந்திரமாகிவிடும். 'மாந்தர்' போட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை.

சரியான சொல் தோன்றினால் சொல்லுங்கள். அப்புறம், சேலத்திலோ ஏற்காட்டிலோ பிரெஞ்சு தெரிந்தவர் யாராவது ஒரு மாலை உட்கார்ந்து சரிபார்த்துத் தந்தால் பெரிய உதவி. மலைக்கு நானே வண்டியில் வந்துவிடுவேன்.